மொம்பாசாவுக்குக் கிளம்பும் முன்

ஜனவரி 18, ஞாயிறு. அரியலூர்

பனி. எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வெகுநேரம் தெரியவே இல்லை. மொட்டை மாடியில் கூடாரம் அடித்துப் பழகினோம். எந்தக் கம்பி எந்த ஓட்டையில் என்று எனக்கும் இளங்கோவுக்கும் சண்டை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அவ்வளவு பெரிய பொக்லைனை ஓட்டுகிற மனுஷன், பெண்டாட்டி சொன்னால் ஒரு கம்பியைத் திருப்பிப் பிடிக்க மாட்டார். கடைசியில் நின்றது. கொஞ்சம் சாய்வாக.

கீழ்வீட்டுப் பரிமளா அக்கா துணி காயப்போட வந்தார். வீட்டுக்காரம்மா, போலீஸில் ஏட்டு.

"என்னா வளரு, மாடியில பந்தலு? யாருக்குக் கல்யாணம்?"

"எங்களுக்குத்தான்க்கா. மறுபடியும்."

சுற்றி வந்து பார்த்துவிட்டு, கயிற்றின் மேல் வைத்திருந்த செங்கல்லைக் காலால் தள்ளி நேராக்கிவிட்டுப் போனார். கூடாரமும் நேரானது.

உள்ளே படுத்துப் பார்த்தோம். துணி வழியாக மஞ்சள் வெளிச்சம். பஸ் ஸ்டாண்டு இரைச்சல் எங்கேயோ. "மொம்பாசா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கல்கண்டை வாயில் போட்ட மாதிரி. இளங்கோ கண்ணை மூடியிருந்தார்.

வழி (இன்றைய தேதிக்கு): மும்பை வரை எங்கள் மோட்டார் சைக்கிளில். வண்டி கப்பலில், நாங்கள் விமானத்தில். மொம்பாசாவில் வண்டியை எடுத்து கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜாம்பியா, நமீபியா, தென் முனை. பிறகு தென் அமெரிக்கா. பிறகு தெரியாது. தெரியாத இடம்தான் பிடித்திருக்கிறது.

வாங்க: செயின் எண்ணெய், கொசு மருந்து, டியூப். சின்ன குக்கர் (வேண்டாம் என்கிறார். வேண்டும்). மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை.

ஜனவரி 20, செவ்வாய்

சிமென்ட் ஃபேக்டரி லேபில் கடைசி நாள். சாம்பல் நிறப் பொடியைச் சலித்துச் சலித்து என் கைரேகையே சாம்பலாகிவிட்டது. கேக் வெட்டினார்கள். "எதுக்கு மேடம் இந்த வயசுல?" என்று ஒருவர். "இதுக்கு மேல வயசானா முட்டி வலிக்கும் சார்," என்றேன்.

உண்மையான பதில் இது. திருச்சியில் குழந்தைக்கான கடைசி வைத்தியமும் பலிக்கவில்லை என்று சொன்ன நாள், போன வருடம். பஸ்ஸில் ஒரே சீட்டில் இருவரும். அரியலூர் வந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவருக்கும். கண்டக்டர், "அரியலூர் எறங்கறவங்கல்லாம் எறங்குங்க," என்று எங்களையே பார்த்துச் சொன்னார். ஜெயங்கொண்டத்துக்கு டிக்கெட் கேட்டார் இளங்கோ. அங்கே இறங்கி டீ குடித்தோம். சம்பந்தமே இல்லாத ஊர், தெரியாத முகங்கள். யாரும் "என்னாச்சு?" என்று கேட்கவில்லை. மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "இப்படியே போய்ட்டே இருந்தா எப்படி இருக்கும்?" என்றேன். "இருக்கலாம்," என்றார். அங்கேதான் தொடங்கியது.

ஜனவரி 22, வியாழன்

அரும்பாவூரிலிருந்து அத்தை. இளங்கோவின் அம்மா. பை நிறைய சின்ன வெங்காயம். உட்காரவில்லை. ஹாலில் மாட்டியிருக்கும் உலகப் படத்தின் முன் நின்றுகொண்டே:

"புள்ள இல்லாதவங்க செட்டிகுளம் மலைக்குப் போவாங்க, பழநிக்குப் போவாங்க. ஆப்பிரிக்காவுக்கா போவாங்க?"

"வேண்டுதலுக்குப் போகலம்மா," என்றார் இளங்கோ. "சுத்திப் பாக்க."

"என்னாத்த பாக்க?"

அத்தை என்னைப் பார்த்தார். "ஒன் வேலதான் வளரு இது. அவன் தெரு முக்கு வரைக்கும் போறதுக்கே ரெண்டு தடவ கேப்பான்."

போகும்போது வெங்காயத்தை நிழலில் பரப்பி வைக்கச் சொன்னார். கோபத்திலும் வெங்காயம் அழுகக் கூடாது.

ஜனவரி 24, சனி. செந்துறைப் பக்கம், முந்திரித் தோப்பு

ஒத்திகைப் பயணம், முதல் நாள். என் அம்மா வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். போகவில்லை. போனால் கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள்.

தோப்புக்காரரிடம் கேட்டோம். "படுத்துக்கங்க. தீ மட்டும் பாத்து. ஆமா, ஏன் இங்க வந்து படுக்கறீங்க?" "பழகறதுக்குங்க." நம்பாமல், ஆனால் பாய் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்.

மாலை. செம்மண். முந்திரி பூத்திருக்கிறது, லேசான புளித்த தேன் வாசனை. குக்கரில் பருப்பு சாதம் (குக்கர் வென்றது). வெளிச்சம் குறையக் குறைய மரங்களின் தாழ்ந்த கிளைகள் படுத்திருக்கும் மாடுகள் மாதிரி ஆயின. இது எந்த ஊர் என்று தெரியாத ஒரு நிமிஷம். ஜாம்பியாவாக இருக்கலாம். தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆறு இருக்கலாம், நீர்யானை மூச்சுவிடலாம்.

இளங்கோ டார்ச் வெளிச்சத்தில் பிரேக்கைச் சரிபார்த்தபடி, "பாம்பு இருக்குமோ?" என்றார். இருந்தாலும் இருக்கும்.

நல்ல தூக்கம்.

ஜனவரி 27, செவ்வாய்

அன்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஞாயிறு காலை. தோப்பைவிட்டுக் கிளம்பி மெயின் ரோட்டுக்கு வருமுன் கப்பிச் சாலை. ஒரு மயில் வேலியிலிருந்து குறுக்கே பறந்தது. இளங்கோ பிரேக் பிடித்தார், சறுக்கியது, விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவர் இடது மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்து, பார்க்கவே முடியவில்லை. மயில் வேலிமேல் நின்று எங்களைப் பார்த்தது.

பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி அவரை ஏற்றினார். "வண்டிய எடுத்துக்கிட்டு பின்னாடியே வாங்கம்மா," என்றார் என்னிடம்.

எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர்தான். உலகம் சுற்றப் போகிறவள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நடுரோட்டில். போன் போட்டதும் அம்மா வீட்டிலிருந்து அண்ணன் வந்து வண்டியைத் தூக்கி ஓட்டிக்கொண்டு போனான். அதுவரை பால் வண்டிக்காரர் காத்திருந்தார்; நான் பால் கேன்களுக்கு நடுவே.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. டாக்டர்: "கட்டு பிரிச்சப்புறமும் கிளட்ச் புடிக்கறதெல்லாம் கொஞ்ச நாளைக்கு நெனைக்காதீங்க. இந்தக் கையில வெயிட்டும் தூக்கக் கூடாது."

வண்டியை ஏப்ரல் முதல் வாரம் மும்பையில் ஒப்படைக்க வேண்டும். டாக்டரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 29, வியாழன்

பார்க்க வருகிறவர்கள். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ஆரஞ்சு. கேட்டவை:

"மயிலு குறுக்க வந்துச்சுன்னா முருகன் தடுக்கறாருன்னு அர்த்தம்."

"நல்லவேள, இங்கயே ஆச்சு. அங்கன்னா?"

"இனிமேயாவது ஒரு எடத்துல இருங்க."

இளங்கோ எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். கை வலிக்கிறவர் முகமாக இல்லை அது. பரீட்சை தள்ளிப்போன பையன் முகம். மத்தியானம் நன்றாகத் தூங்கினார். நான் உலகப் படத்தின் தூசியைத் துடைத்தேன். தூசி இல்லை.

ஜனவரி 31, சனி

கேட்டுவிட்டேன். தோசை வார்த்துக்கொண்டே.

"கப்பல் ஏஜெண்டுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிடு." தோசையைப் பிய்ப்பதற்கு முன்பே பதில்.

அடுப்பை அணைத்தேன். "நீங்க எப்பவுமே வர்றதா இல்ல, இல்ல?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார். (ஊருக்கெல்லாம் வளரு, அவருக்கு மட்டும் நான் மதி.) "பயமா இருக்கு மதி. சுரங்கத்துல பள்ளத்து ஓரமா வண்டிய நிறுத்துவேன், ஒண்ணும் தோணாது. இது வேற. நீ இங்கிலீஷ்ல பேசிப்புடுவ. நான் பக்கத்துல மாடு மாதிரி நிக்கணும். போலீஸ்காரன் ஏதாவது கேட்டா ஒன் மூஞ்சியத்தான் பாக்கணும்."

"அன்னிக்கு ஜெயங்கொண்டத்துல இருக்கலாம்னு சொன்னீங்களே."

"அன்னிக்கு நீ என்ன கேட்டிருந்தாலும் சரின்னுருப்பேன். அழாம இருந்தாப் போதும்னு இருந்துச்சு. ஒரு வருசத்துல புள்ள நெனப்பு கொறஞ்சுரும், இந்த ஆசையும் போயிரும்னு நெனச்சேன்."

கோபத்தைவிட வேறு ஏதோ. தரை ஒரு அங்குலம் இறங்கின மாதிரி. "புள்ளைக்குப் பதிலா ஊரு கேக்கலைங்க நான். அந்த ஏக்கம் தனி, அது கூடவே வரும். இது ஊரு பாக்கற ஆச. சின்னதுலேர்ந்து இருக்கு. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

தோசை ஆறிப்போனது. அவர் ஒரு கையால் தட்டைக் கழுவி வைத்தார்.

ஏஜெண்டுக்குப் போன் போடவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

எல்.எல்.ஆர். வாங்கியாச்சு. கியர் வண்டிக்கு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் காலேஜ் பிள்ளைகள். "ஆன்ட்டி, கார் லைன் அந்தாண்ட," என்றது ஒன்று.

பிப்ரவரி 8, ஞாயிறு

பரிமளா அக்கா கற்றுத் தருகிறார். கேட்கக்கூட இல்லை. டூட்டி முடிந்து வந்து, "சாவிய எடு," என்றார். வாரச்சந்தை மைதானம், ஆள் இல்லாத நேரம். முட்டைக்கோசு இலை வழுக்குகிறது.

"கிளட்ச்ச வெடுக்குன்னு வுடாத. தூங்கற கொழந்த தலையிலேர்ந்து கைய எடுக்கற மாதிரி எடு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கவனிக்காத மாதிரி கிளட்ச்சை விட்டேன். வண்டி நகர்ந்தது! முதல் தடவை அணையாமல்.

பிறகு வேலியில் மோதினேன். "பரவால்ல. எங்க எஸ்.ஐ.யே ஜீப்ப அங்கதான் உட்டாரு."

வீட்டுக்கு வந்தால் மாடியில் இளங்கோ. கட்டுப் போட்ட கையோடு சுவரோரம். அங்கிருந்து மைதானம் தெரியும். "மூணாவது கியர சீக்கிரம் போட்டுர்ற," என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வெயில் ஆரம்பித்துவிட்டது. மத்தியானக் கனவு: வண்டி தண்ணீருக்கடியில் போகிறது, மெதுவாக, குமிழி விட்டுக்கொண்டு. இரண்டு பக்கமும் சங்குகள். ரோட்டு போர்டில் பெரம்பலூர் என்று இருக்கிறது, ஆனால் அம்பு மேல்பக்கம் காட்டுகிறது. பயம் இல்லை. மூச்சும் தேவைப்படவில்லை.

எழுந்து இளங்கோவிடம் சொன்னேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். அதில் கல்லாகிப் போன நத்தை, சிப்பி. சுரங்கத்தில் வாளிக்கு முன்னால் ஏதாவது பளபளத்தால் மிஷினை நிறுத்திவிட்டு இறங்கி எடுப்பாராம். சூப்பர்வைசர் திட்டுவாராம். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் எனக்குத் தெரியாது.

"இங்கல்லாம் கடல்தானாமே. காலேஜ்லேர்ந்து வந்தவங்க சொன்னாங்க," என்றார். "கடலே எந்திரிச்சுப் போயிருக்கு பாரு."

நத்தையை என் உள்ளங்கையில் வைத்தார். குளிர்ச்சியாக இருந்தது. இன்னும் சண்டையில்தான் இருக்கிறோம். ஆனாலும்.

மார்ச் 6, வெள்ளி

எட்டுப் போட்டேன்! கால் ஊன்றாமல். முதல் வளைவில் கைப்பிடி நடுங்கியது. பரிமளா அக்கா கேட்டுக்கு வெளியே யூனிஃபார்மில் நின்று வேறு எங்கேயோ பார்ப்பதாக நடித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர்: "எதுக்கும்மா இப்ப இது? ஸ்கூட்டர் இருக்குல்ல?" "மொம்பாசா போகணும் சார்." "அது எந்தத் தாலுகா?"

மார்ச் 8, ஞாயிறு. காரை

தனியாக. இதைத்தான் சோதிக்க வேண்டியிருந்தது. சாமான் முழுவதையும் கட்டிக்கொண்டு வந்தேன். இளங்கோ ஒரு கையாலேயே புளிச்சோறு கிளறிக் கொடுத்தார். உப்பு கொஞ்சம் கூட. வழியில் ஒரு லாரி உரசுகிற மாதிரி போனது. நிறுத்திக் கொஞ்சம் அழுதேன், தண்ணீர் குடித்தேன், கிளம்பினேன்.

இந்த இடத்தை என்னவென்று எழுத. மரமே இல்லாத மண் மடிப்புகள், அலை அலையாக. வெள்ளை, காவி, மஞ்சள், ஒரு வித நீலச் சாம்பல். நடக்கும்போது காலடியில் பென்சில் துண்டு மாதிரிக் கற்கள். ஊர் ஓரமாக, கோயில் மைதானத்துப் பக்கம் கூடாரம். பூசாரியிடம் சொல்லியாச்சு.

ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆம்பள எங்க?"

"வீட்டுல. கை ஒடஞ்சிருக்கு."

"அப்ப சோறு யாரு ஆக்கறது?"

"அவருதாங்க. இதோ, அவரு ஆக்குனதுதான்."

ஒரு வாய் வாங்கித் தின்றார். "உப்பு தூக்கல். ஆனா ஆக்குறான்ல," என்று சொல்லி எழுந்து போனார். ஆடுகளின் மணிச்சத்தம் மடிப்புகளுக்குள் இறங்கிக் காணாமல் போனது.

அந்திநேரம். சிக்னல் இல்லை. நான் இந்த மண்ணில் எந்த மடிப்பில் நிற்கிறேன் என்று எனக்கு வேண்டிய ஒருவருக்கும் தெரியாது. அந்த நினைப்பு பயமாக வந்து, பிறகு லேசாகிவிட்டது. உடம்பே காற்று மாதிரி. இதற்காகத்தான். அத்தை கேட்டாரே, என்னாத்த பாக்க என்று. இதை. அத்தையிடம் சொல்ல வார்த்தை இல்லை.

என்னால் தனியாகப் போக முடியும். நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அந்த நீலச் சாம்பல் கறுக்கும்போது, "இங்க பாருங்க," என்று பக்கவாட்டில் திரும்பினேன். யாரும் இல்லை. இதுவும் தெரிந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

வீடு வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன். "நான் போறேங்க. நீங்க வந்தா நல்லாருக்கும். வரலன்னா கோவமில்ல. அங்கங்கேர்ந்து போன் பண்றேன்."

பெரம்பலூரில் கட்டுப் பிரித்துக்கொண்டு அவரும் அப்போதுதான் வந்திருந்தார், பஸ்ஸில். கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடைய கையோ மாதிரி. அதையே பார்த்துக்கொண்டு, "சரி," என்றார். எதற்குச் சரி என்று கேட்கவில்லை.

மார்ச் 11, புதன்

புழுக்கம். கொசு மருந்து வாங்கியாச்சு. ஒரு ஆளுக்கான சாமான் எவ்வளவு குறைவு என்று பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்தேன். குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருத்திக்கு எதற்குக் குக்கர்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இளங்கோ வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று:

"மதி, பின்னாடி ஒக்காந்தா கால எங்க வைக்கறது?"

வாயில் நுரை. பேச முடியவில்லை. கையால் காட்டினேன். இத்தனை வயதுக்கு அவர் யார் பின்னாலும் உட்கார்ந்ததே இல்லை போல. ஏறினார். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கை காற்றில்.

ரயில்வே கேட் வரை போனோம். வளைவில் எதிர்ப்பக்கமாகச் சாய்கிறார். "நான் சாயற பக்கமே சாயுங்க!" "உழுந்துருவோம்!" "விழமாட்டோம்!" டீக்கடையில் அவருடைய சுரங்கத்து ஆட்கள். "என்னா இளங்கோ, சீட்டு மாறிருச்சு?" ஒரு சிரிப்பு. எனக்குக் காது சூடானது.

அவர் இறங்கவில்லை. "ஆமாப்பா. இங்கேர்ந்து பாத்தா ரெண்டு பக்கமும் நல்லாத் தெரியுது," என்றார்.

திரும்பும்போது கேட்டேன், பயம் போய்விட்டதா என்று. "எங்க போவும்? இருக்கு. நீ காரைக்குப் போன அன்னிக்கு வூட்டுல ஒக்காந்திருந்தேன் பாரு, அது இத விட மோசம்." பிறகு: "போலீஸ்காரன் கேட்டா நீ பேசு. வண்டி மக்கர் பண்ணா நான் பேசிக்கறேன், வண்டிகிட்ட."

மார்ச் 19, வியாழன்

இன்டர்நேஷனல் பெர்மிட் வந்தது, என் பெயரில். போட்டோவில் முறைக்கிறேன். வீட்டைக் காலி செய்து சாமான்கள் அண்ணன் வீட்டுக்கு. உலகப் படம் பரிமளா அக்காவுக்கு. "எங்க இருக்கீங்கன்னு போன்ல சொல்லு, பேனாவால சுழிச்சுக்கறேன்." போலீஸ் புத்தி.

அத்தைக்கு இளங்கோ போன் செய்தார். வண்டியை நான் ஓட்டுகிறேன் என்பதையும் சொன்னார். அத்தை போனை வைத்துவிட்டார்.

மார்ச் 24, செவ்வாய். கிருஷ்ணாபுரம், டீக்கடை பெஞ்சு

கிளம்பிவிட்டோம். விடியும்போது அரியலூர். புழுதி இல்லாத நேரத்தில் சிமென்ட் லாரிகள்கூட அழகு. பெரம்பலூர் நான்கு வழிச்சாலைக்குக் கீழே புகுந்து, வேப்பந்தட்டை, சோளக்கொல்லைகள். பச்சைமலை இடது கைப்பக்கம் நீல நிறத்தில் கூடவே வந்தது. தூக்கத்தில் ஓட்டுகிற மாதிரி ஒரு சுகம், ஆனால் முழு விழிப்பு. பின்னால் இளங்கோ ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டு வந்தார். வளைவுகளில் சரியாகச் சாய்ந்தார்.

இங்கே அரும்பாவூர் ரோடு பிரிகிறது. அந்த முக்கில் அத்தை. பஸ்ஸில் வந்து இறங்கி நின்றிருக்கிறார், எப்போதிலிருந்தோ. வண்டியை நிறுத்தினேன். இந்தக் காட்சியை அவர் பார்க்கக் கூடாது என்றுதான் சுற்றுவழி யோசித்தேன்: நான் முன்னால், அவர் மகன் பின்னால்.

அத்தை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். மகனை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி:

"ரொம்பக் கனக்கறானா?"

"பழகிடுச்சு அத்தை."

"எனக்குத் தெரியாதா. சொமந்தவடி நான்." என் கன்னத்தில் ஹெல்மெட் பட்டையை இழுத்துச் சரியாக மாட்டிவிட்டார். "ம், கெளம்பு. வெயிலு ஏறுது."

அவர் போன பஸ்ஸின் புழுதி இன்னும் அடங்கவில்லை. இளங்கோ டீ கிளாஸோடு திரும்பி நிற்கிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் போல. எழுதுவதை நிறுத்த வேண்டும். ஆத்தூர் தாண்டணும்